ஊர்ப்பெயரைக் கொண்டு பறவையின் அறிவியல் பெயரைப் பிடிப்பது எப்படி?

ஊசுட்டேரி, பாகூர், வீராணம், பிச்சாவரம் என்று எங்கே போனாலும் பறவைக்கு ஊர்க்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அறிவியல் பெயரோடு பொருத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. கோழி, குருவி, காடை, தாரா என்று முடியும் பெயர்கள் பறவையின் உருவத்தையோ அது திரியும் இடத்தையோ சொல்கின்றன. அறிவியல் வகைப்பாடு பார்ப்பது உறவுமுறையை. இரண்டும் எப்போதாவதுதான் ஒத்துப்போகும்.

முதலில், காதில் விழுந்த பெயரைத் திருத்தாமல் எழுதுங்கள். 'ரெட்டவால் குருவி' என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும். அந்த இடத்திலேயே 'கரிச்சான்' என்று மாற்றிவிடக் கூடாது. பக்கத்திலேயே ஊர், மாதம், பார்த்த இடம் வயலா ஏரியா உப்பங்கழியா என்பதைக் குறியுங்கள். ஒரே பறவைக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். பவளக்கால் உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் ஒன்றேதான்: ஹிமாண்டோபஸ் ஹிமாண்டோபஸ்.

அடுத்து, பெயரின் கடைசிச் சொல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பறவையைப் பாருங்கள். தாழைக்கோழி, கானாங்கோழி, நாமக்கோழி மூன்றும் ராலிடே குடும்பம். வீட்டுக்கோழிக்குச் சொந்தமே இல்லை. கோழியின் உண்மையான உறவினர்கள் காட்டுக்கோழியும் கௌதாரியும் காடையும், அதாவது பாசியானிடே குடும்பத்தார். ஆனால் பனங்காடை காடையல்ல, கோராசியஸ் பெங்காலென்சிஸ். பாம்புத்தாரா வாத்தல்ல, நீர்க்காகம் காகமல்ல. செம்போத்து தரையில் நடப்பதைப் பார்த்தால் காக்கையோ கோழியோ என்று தோன்றும். அது குயில் குடும்பம்.

அதிகம் ஏமாற்றுவது 'குருவி'. சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, தவிட்டுக்குருவி, ரெட்டவால் குருவி நான்கும் நான்கு வெவ்வேறு குடும்பங்கள். கரிச்சானிலும் ஒரு பொறி இருக்கிறது. ரெட்டவால் குருவி எனப்படும் கரிச்சான் டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ். குண்டுக்கரிச்சானோ காப்சிகஸ் சாலாரிஸ், ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. நிறம் கறுப்பு என்பதைத் தவிர இவற்றுக்குள் பெரிய ஒட்டுறவு கிடையாது.

மூன்றாவது வேலை அலகையும் காலையும் பார்ப்பது. 'வெள்ளைக் கொக்கு' என்ற பெயரை வைத்து இனம் சொல்லவே முடியாது; குறைந்தது நான்கு பறவைகள் அதில் அடங்கும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல் என்றால் சின்னக் கொக்கு. குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக மாட்டோடு திரிந்தால் உண்ணிக்கொக்கு. மற்ற இரண்டில் பெரிய கொக்குக்கு வாய்க்கோடு (அலகின் பிளவு முகத்தில் நீளும் கோடு) கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இனப்பெருக்க காலத்தில் இவ்விரண்டின் மஞ்சள் அலகும் கறுத்துவிடும் என்பதால் அலகு நிறத்தை மட்டும் நம்பினால் தவறிவிடும். பறக்கும்போது மட்டும் வெள்ளையாகத் தெரிந்து, உட்கார்ந்ததும் தவிட்டு நிறத்தில் மறைந்துபோனால் அது மடையான், ஆர்டியோலா கிரேயி. குருட்டுக்கொக்கு என்பதும் இதைத்தான்.

இனம் தெரிந்த பிறகு பெயரைத் தேடும்போது பழைய புத்தகமும் புதிய பறவைப் பெயர்ப் பட்டியலும் முரண்படும். அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லை வைத்துத் தேடுங்கள். முதல் சொல்லான பேரினப்பெயர் ஆய்வுக்கேற்ப மாறும். இரண்டாவது பெரும்பாலும் நிலைக்கும். கௌதாரி முன்பு பிராங்கோலினஸ் பாண்டிசெரியானஸ், இப்போது ஆர்டிகோர்னிஸ் பாண்டிசெரியானஸ். தவிட்டுக்குருவி டர்டாய்டஸ் அஃபினிஸ் என்றிருந்து ஆர்ஜியா அஃபினிஸ் ஆகிவிட்டது. பேரினச் சொல்லின் பாலுக்கேற்ப இரண்டாம் சொல்லின் விகுதி மாறலாம். உண்ணிக்கொக்கின் ஆசிய இனம் புபுல்கஸ் கோரோமாண்டஸ். ஆர்டியா பேரினத்தில் வைக்கும் பட்டியல்களில் அதுவே கோரோமாண்டா. தேடும்போது கடைசி இரண்டு மூன்று எழுத்துகளை விட்டுவிட்டால் இரண்டுமே கிடைக்கும்.

பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குள் இருந்தால், முதலில் பெயரிட்டவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்று பொருள். நத்தைகுத்தி நாரை அனாஸ்டோமஸ் ஆசிடன்ஸ் (போடார்ட், 1783) என்று எழுதப்படுகிறது; அவர் அதை ஆர்டியா என்ற கொக்குப் பேரினத்தில் சேர்த்திருந்தார். விவரிக்கப்பட்ட அந்த முதல் பறவை கிடைத்ததும் புதுச்சேரியில்தான். கருடனும் அப்படியே: 1760-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பிரிசோன் அதைப் 'புதுச்சேரிக் கழுகு' என்று பிரெஞ்சில் எழுதினார், இன்றைய ஹாலியாஸ்டர் இண்டஸ் பெயரின் இண்டஸ் 1783-இல் போடார்ட் தந்தது. கௌதாரியின் பெயரில் புதுச்சேரி இருப்பது 1789 முதல், ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின் வைத்தது. குள்ளத்தாராவின் பெயரில் சோழமண்டலக் கரை இருக்கிறது: நெட்டாபஸ் கோரோமாண்டெலியானஸ்.

அதற்காக இடப்பெயரை வாழிட அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூழைக்கடாவின் பெயர் பெலிகானஸ் பிலிப்பென்சிஸ். பிலிப்பைன்ஸில் அது இப்போது குஞ்சு பொரிப்பதில்லை, தென்னிந்திய ஏரிகளில் பொரிக்கிறது.

நோட்டில் அறிவியல் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் பகரம் ஒன்றே இரண்டு மூன்று ஒலிக்கு நிற்கும், பின்னால் தேட முடியாது. பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரியது. இரண்டாம் சொல் ஊர்ப்பெயரிலிருந்து வந்திருந்தாலும் சிறிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். கையால் எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் அடிக்கோடு போட வேண்டும். அச்சில் அது சாய்வெழுத்து. எந்தப் பட்டியலைப் பார்த்தீர்கள், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். பட்டியல்கள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால் இதை விட்டால் பழைய பதிவுகளைப் பிறகு சீராக்க இயலாது.

கொசு உள்ளான் அளவில் ஒரு கூட்டம் தூரத்துச் சேற்றில் மேய்கிறது, கால் நிறமும் அலகு நீளமும் தெரியவில்லை என்றால், காலிட்ரிஸ் என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். அதுவும் உறுதியில்லையா, குடும்பப்பெயர் போதும். ஊர்க்காரர் சொன்ன பெயரை மட்டும் பக்கத்தில் விடாமல் எழுதிவையுங்கள்.