மீனவர் ஆப்பையும் வாட்ஸப் குரூப்பையும் சேர்த்து யூஸ் பண்றது எப்படி?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப்புல அலை, காத்து, மீன் கூடுற இடம் எல்லாம் தமிழ்லயே வருது, நாட்டோட கடல் எல்லை கிட்ட போனா எச்சரிக்கையும் குடுக்கும். ஆனா ஆப் ஒருத்தர் போன்லயே கிடந்தா பக்கத்து போட்டுக்கு என்ன பிரயோஜனம்? அதுக்குத்தான் குரூப்.

முதல்ல, கரையில டவர் இருக்கும்போதே அன்னிக்கு தகவலை எடுத்து வெச்சுக்கோங்க. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேணாம், தகவலுக்கு வேணும். ஸ்க்ரீன்ஷாட்டை தேதி தெரியுற மாதிரி குரூப்ல போடுங்க.

அடுத்தது பாயிண்ட், அதாவது ஜிபிஎஸ்ல ஒரு இடத்தைக் காட்டுற நம்பர், அனுப்புறது, இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஒருத்தர் 9.30 வடக்குனு டைப் பண்றார், அவர் ஜிபிஎஸ்ல அது 9 டிகிரி 30 நிமிஷம். அதையே நீங்க கூகுள் மேப்ல 9.30னு போட்டா அது 9 டிகிரி 18 நிமிஷம் ஆயிரும், ஏன்னா மேப் புள்ளிக்கு அப்புறம் வர்றத நூறுல கணக்கு பண்ணுது, நிமிஷம் அறுபதுல ஓடுது, 60 நிமிஷம் சேர்ந்தாதான் ஒரு டிகிரி. வடக்கு தெக்குல 1 நிமிஷம்னா 1 நாட்டிக்கல் மைல், அப்போ 12 மைல் தள்ளிப் போயிட்டீங்க, ஏறக்குறைய 22 கிலோமீட்டர்! நம்ம பக்கம் கிழக்கு மேற்குலயும் கிட்டத்தட்ட இதே தூரம்தான், ராமேஸ்வரம் பக்கம்லாம் எல்லை கிட்டவே இருக்கு, யோசிச்சுக்கோங்க. அதனால "9 டிகிரி 30 நிமிஷம்"னு எழுத்துல போடுங்க. மேப்ல போடணும்னா நிமிஷத்தை 60ஆல வகுத்துக்கோங்க, 30 நிமிஷம் 0.5, ஆக 9.5. வாய்ஸ் மெசேஜ்ல நம்பர் சொல்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, இன்ஜின் சத்தத்துல ஆறும் நூறும் ஒண்ணாத்தான் கேக்கும்.

எதைப் பகிரணும்? வலையைக் கிழிக்கிற பார் (கடலடிப் பாறை), மூழ்கிக் கிடக்கிற படகு, இதெல்லாம் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம்னு சேர்த்துக் கட்டாயம் போடுங்க. உங்களுக்கு மீன்பாடு கிடைச்ச இடத்தைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். எச்சரிக்கைக்குத் தனி குரூப் வைங்க, குட்மார்னிங் படத்துக்கு நடுவுல புயல் செய்தி மாட்டிக்கக் கூடாது.

பின்சேர்க்கை: மீன் கூடுற இடம் சில நாள் வரலையேனு கேட்டிருந்தீங்க. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசோட கடல் தகவல் மையம் அதை சேட்டிலைட் வழியா கடல் சூட்டையும் பாசி நிறத்தையும் பாத்துத்தான் சொல்லுது, மேகம் மூடுனா தெரியாது, ஆப் ரிப்பேர் இல்ல.

இன்னொண்ணு, வாட்ஸப் லைவ் லொகேஷனை நம்பி வீட்ல உக்காந்திருக்காங்க. டவர் போனா அது கடைசி இடத்துலயே நின்னுரும், டவர் இருந்தாலும் 8 மணி நேரம்தான். தயவுசெஞ்சு இதை வீட்ல முன்னாடியே சொல்லிட்டுக் கிளம்புங்க, நடுக்கடல்ல ஆபத்துனா விஎச்எஃப் ரேடியோவுல 16ஆம் சேனல்ல கூப்பிடுங்க.