முன்னொட்டு மாறியது, மொத்தம் பூஜ்ஜியமானது

ஒரு நாள் காலையில் பில் அறிக்கையைத் திறந்தால் மொத்தத் தொகை 0.00 என்று நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சப்ளையர் அனுப்பிய எக்ஸ்எம்எல் கோப்பை (தரவை டேக் எனும் பெயர்க்குறிகளுக்குள் வைக்கும் உரைக்கோப்பு) முந்தைய நாள் கோப்போடு வரிவரியாக ஒப்பிட்டேன். நேற்றுவரை 'இன்வ:தொகை' என்று வந்த டேக், இன்று 'என்எஸ்1:தொகை'. முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் முன்னொட்டு மட்டும் மாறியிருந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை. 1999-ல் வந்த டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) நேம்ஸ்பேஸ் (ஒரே பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் முறை) பரிந்துரைப்படி முன்னொட்டு வெறும் சுருக்கப்பெயர். உண்மையான அடையாளம் அது சுட்டும் யூஆர்ஐதான், அதாவது இணைய முகவரி போன்ற முழுப்பெயர். என் பைத்தான் நிரலோ மினிடாம் என்ற எக்ஸ்எம்எல் நூலகத்தைக் கொண்டு முன்னொட்டோடு சேர்த்தே பெயரைத் தேடியது. கிடைத்தது காலிப் பட்டியல். அதைக் கூட்டினால் பூஜ்ஜியம்தானே வரும்!

சரி, எலிமென்ட்ட்ரீ என்ற இன்னொரு பைத்தான் நூலகத்துக்கு மாறினேன். அதன் தேடல் ஃபங்ஷனான ஃபைண்ட்ஆலை அழைக்கும்போது, என் சொந்த முன்னொட்டை அந்த யூஆர்ஐயோடு இணைக்கும் டிக்‌ஷனரியையும் கொடுத்தேன். இப்போது கோப்பில் எந்த முன்னொட்டு வந்தாலும் பிடித்துவிடுகிறது.

அப்புறம்தான் பெரிய வேலை. பல கோப்புகளில் சிதறிக் கிடந்த தேடல்களை ஒரே மாட்யூலுக்குள் கொண்டுவந்தேன். அதன் வாசலிலேயே எக்ஸ்எஸ்டி (கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிக்கோப்பு) சரிபார்ப்பு. தொகை இல்லாத பில் அங்கேயே நின்றுவிடும். பணக்கணக்கில் தவறான பூஜ்ஜியத்தைவிட இது எவ்வளவோ மேல். மற்ற நிரலுக்கு 'பில்' ஆப்ஜெக்ட் மட்டுமே போகும், டேக் பெயர் எதுவும் தெரியாது.

பழைய முன்னொட்டு, புதிய முன்னொட்டு, முன்னொட்டே இல்லாதது என மூன்று மாதிரிக் கோப்புகளையும் சோதனைகளில் சேர்த்துவிட்டேன்.