வணிக நிர்வாக முனைவர் ஆய்வு: முன்மொழிவிலேயே சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு தம்பி தன் ஆய்வு முன்மொழிவை என்னிடம் நீட்டினார். 22 பக்கம். தலைப்பு, "சிங்கப்பூரின் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் செயல்திறனில் மின்னிலக்கமயமாதலின் தாக்கம்". பகலெல்லாம் வேலை, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுத்து. அந்த உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. ஆனால் 22 பக்கத்திலும் தேடிப் பார்த்தேன், கேள்வி ஒன்றைக் காணோம்.

நானும் வேலை பார்த்துக்கொண்டே டிபிஏ என்ற வணிக நிர்வாக முனைவர் பட்டம் முடித்தவன்தான். அதற்குப் பிறகு இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேருடைய முன்மொழிவுகளைப் படித்துக் கொடுத்திருக்கிறேன். ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்மொழிவில் விட்ட பிழை இரண்டாம் ஆண்டில், தரவு திரட்டப் போகும்போதுதான் தலைகாட்டும். அப்போது திரும்பி வர முடியாது. கட்டிய பணமும் போய், மனமும் ஒடிந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, தலைப்பைக் கேள்வி என்று நினைத்துக்கொள்வது. அந்தத் தம்பியின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். மின்னிலக்கமயமாதல் என்றால் எது? கல்லாவில் கியூஆர் அட்டை ஒட்டியதா, கணக்கு மென்பொருள் வாங்கியதா, இணையத்தில் கடை போட்டதா? செயல்திறன் என்றால் விற்பனையா, லாபமா, கடை மூடாமல் நிற்பதா? சிறிய, நடுத்தர நிறுவனம் என்ற சொல் இன்னும் மோசம். இங்கே ஆண்டு வருவாய் 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத, அல்லது ஊழியர் 200 பேருக்கு மேற்படாத நிறுவனம் எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். நாட்டிலுள்ள நிறுவனங்களில் 99 விழுக்காடு அதற்குள் அடக்கம். பஃபலோ ரோட்டில் இரண்டு பேர் நடத்தும் பூக்கடையும் துவாஸில் 150 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையும் ஒரே கூடையில். இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரு முடிவைச் சொல்ல வேண்டுமானால், அது சொல்லாமலே தெரிந்த முடிவாகத்தான் இருக்கும்.

"உங்களுக்கு நேரில் தெரிந்த கடை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். மாமா சிராங்கூன் ரோடு பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறாராம். அங்கே என்ன மாறியிருக்கிறது என்று கேட்டதும் தம்பி கடகடவென்று பேச ஆரம்பித்தார். 2017இல் கைப்பேசி எண்ணை வைத்தே உடனே பணம் அனுப்பும் பேநவ் வந்தது, அடுத்த ஆண்டே பல கட்டண முறைகளுக்கும் பொதுவான எஸ்ஜிகியூஆர் அட்டை வந்தது, இப்போது வாடிக்கையாளர்கள் பலர் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். முன்பெல்லாம் சரக்கைப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் பணம் வாங்கிப் போன மொத்த வியாபாரி, "உங்களுக்குத்தான் காசு உடனே வந்துடுதே" என்று இறக்கிய கையோடு பணம் கேட்கிறாராம்.

இதுதான் கேள்வி! சில்லறை விற்பனைப் பணம் உடனுக்குடன் கணக்கில் வந்து விழும்போது, மளிகைக் கடைக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையே இருந்த கடன் தவணை என்ன ஆகிறது? யாரிடம் கேட்பது, எந்த நோட்டைப் பார்ப்பது, எந்த ஆண்டோடு எந்த ஆண்டை ஒப்பிடுவது என்று உடனே யோசிக்க முடிகிறது. அப்படி யோசிக்கவிடாத கேள்வி இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது தவறு, விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி எழுதுவது. அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். நானும் விழுந்தேன். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் கிடங்கில் ஒரு புதிய முறையைக் கொண்டு வந்திருந்தோம். அது நல்ல முறை என்று நிரூபிப்பதே என் முன்மொழிவின் நோக்கமாக இருந்தது. நெறியாளர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பலன் இல்லை என்று தரவு சொன்னால் அப்படியே எழுதுவீர்களா?" எனக்குப் பதில் வரவில்லை. டிபிஏ நடைமுறைச் சிக்கலிலிருந்து தொடங்குவது, பிஎச்டி பெரும்பாலும் கோட்பாட்டு விவாதத்திலிருந்து தொடங்குவது. அது உண்மைதான். ஆனால் இரண்டிலும் புதிதாக ஒன்றைக் கண்டறிந்து காட்ட வேண்டும். நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஆலோசனை அறிக்கை ஆய்வேடு ஆகாது.

அதே முன்மொழிவில் இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது. தரவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டபோது மேலாளர் வாயால் "சரி, பண்ணிக்கோங்க" என்றார். அதை நம்பி முழுத் திட்டத்தையும் எழுதினேன். சில மாதங்களில் அவர் வேறு வேலைக்குப் போனார், அடுத்து வந்தவர் முடியாது என்றுவிட்டார். ஏழு மாத வேலை வீண். என்னென்ன தரவு, எந்தக் காலத்துக்கு, நிறுவனத்தின் பெயரை எப்படி மறைப்போம், முடிவைப் பிரசுரிக்கலாமா என்றெல்லாம் எழுதி, அதிகாரம் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே அந்த நிறுவனத்தை முன்மொழிவில் எழுதுங்கள். கையெழுத்து கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு பத்தி இருக்கட்டும். சொந்த அலுவலகத்தில் தனக்குக் கீழே வேலை செய்பவர்களைப் பேட்டி எடுப்பதாக எழுதுவதும் வேண்டாம். மேலதிகாரி கேட்கும்போது அவர்கள் சொல்லும் "சரி" முழு மனதோடு சொன்னதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"சிங்கப்பூரில் இதுவரை யாரும் செய்யவில்லை" என்ற வரியையும் அடிக்கடி பார்க்கிறேன். யாரும் செய்யவில்லை என்பது மட்டும் காரணம் ஆகாது. செய்யத் தேவையில்லாததால்கூட விட்டிருக்கலாம். இந்த ஊரில் எது வேறாக இருப்பதால் பழைய விடை இங்கே செல்லுபடியாகாமல் போகலாம் என்று சொல்லுங்கள். மளிகைக் கடை விஷயத்தில் அது எளிது. ஒரு சிறிய வட்டாரத்துக்குள் கடைக்காரரும் மொத்த வியாபாரியும் ஒரே கோயிலில், ஒரே கல்யாணத்தில் சந்திக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலை உறவுகள் தாங்குகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1985இல் முன்வைத்த வாதம் இங்கே நேராக வந்து நிற்கிறது. உடனடிப் பணம் அந்த உறவைத் தளர்த்துகிறதா, அல்லது உறவுதான் பணத்தின் வேகத்தையும் மீறி நிற்கிறதா என்பது ஆராயத் தக்கது.

கோட்பாட்டையும் சட்டையைப் போலக் கடையில் எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. தம்பியின் முதல் வரைவில் "தொழில்நுட்ப ஏற்பு மாதிரி" என்ற கோட்பாடு இருந்தது. ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்டது. ஒரு கருவி பயனுள்ளதா, எளிதானதா என்று ஒருவர் நினைப்பதை வைத்து, அவர் அதை ஏற்பாரா என்று விளக்குவது. மாமா கடையில் ஏற்பா இல்லையா என்ற பேச்சே இல்லை. வாடிக்கையாளர் கேட்டார், அட்டை ஒட்டியாகிவிட்டது. முடிந்துபோன விஷயத்துக்கு அந்தக் கோட்பாடு எதற்கு?

அடுத்து மாதிரி அளவு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேரை எடுப்பது என்பது. "மாதிரி அளவு 384" என்ற வரி இல்லாத முன்மொழிவை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. 1.96ஐ அதனாலேயே பெருக்கி, 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். கிரெய்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேர் கொண்ட தொகைக்கு 384 என்று இருப்பதும் இந்த வகைக் கணக்கில்தான். ஒரு பெரிய மக்கள் தொகையில் எத்தனை விழுக்காட்டினர் ஒன்றைச் செய்கிறார்கள் என்பதை, 95 விழுக்காடு நம்பகத்தோடும் 5 விழுக்காடு பிழை வரம்போடும் மதிப்பிட உதவும் எண் அது. அதுவும் எல்லாருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைப் போட்டு, நண்பர்கள் நண்பர்களுக்கு அனுப்பி 384 பதில் சேர்ந்தாலும் அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் கேள்வி இரண்டு காரணிகளுக்கு இடையிலான தொடர்பைப் பற்றியது என்றால் மாதிரி அளவைக் கணக்கிடும் முறையே வேறு. ஒரு வட்டாரத்து மளிகைக் கடைகளைப் பற்றியது என்றால் அங்கே 384 கடை இருக்கிறதா என்று முதலில் போய் எண்ணிப் பாருங்கள். அந்தத் தம்பிக்கு நான் சொன்னது, 15 முதல் 20 கடைகளில் ஆழமான பேட்டி, கூடவே கொள்முதல் நோட்டுகள். ஏன் அந்த எண்ணிக்கை போதும் என்று அவர் வாதிட வேண்டும். புதிய பேட்டிகளில் புதிதாக எதுவும் வராத கட்டத்தை எப்படி அடையாளம் காண்பார் என்றும் எழுத வேண்டும்.

தமிழில் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. முன்மொழிவில் பெரும்பாலானோர் இதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள்: "வினாத்தாள் தமிழில் மொழிபெயர்க்கப்படும்." எனக்கு மனம் கேட்காத இடம் இதுதான்.

ஆங்கில வினாத்தாளில் டிரஸ்ட் என்று இருக்கும். தமிழில் நம்பிக்கை என்று போட்டுவிடுவோம். மழை வரும் என்பதும் நம்பிக்கை, சாமி மேல் இருப்பதும் நம்பிக்கை, நாளை நல்லது நடக்கும் என்பதும் நம்பிக்கை. "உங்கள் மொத்த வியாபாரி மீது நம்பிக்கை உண்டா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்" என்று தம்பி தன் மாமாவிடமே முயன்று பார்த்தார். "நம்பிக்கை இல்லாம வியாபாரம் ஏதுப்பா?" என்று சொல்லி அவர் ஐந்தைச் சுழித்துவிட்டார். அடுத்து கேட்ட மூன்று கடைகளிலும் ஐந்து. எல்லாரும் ஐந்து என்றால் புள்ளியியல் செய்ய அதில் ஒன்றுமில்லை.

பிறகு வினாத்தாளை மூடி வைத்துவிட்டுச் சும்மா பேசச் சொன்னேன். "ஆளு நாணயம். ஆனா சரக்கு சொன்ன நாளுக்கு வராது" என்றார் ஒருவர். "கைல காசு இல்லாத மாசம் பொறுத்துக்குவாரு, அதுக்காகவே அவர்கிட்ட வாங்குறேன்" என்றார் இன்னொருவர். மேயர், டேவிஸ் (இவர் வேறு டேவிஸ்), ஸ்கூர்மன் மூவரும் 1995இல் ஒருவரை நம்பத் தகுந்தவர் ஆக்குவது எது என்பதைத் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று மூன்றாகப் பிரித்தார்கள். சரக்கு சொன்ன நாளுக்கு வருவது, கஷ்டத்தில் பொறுத்துக்கொள்வது, நாணயம் என்று கடைக்காரர்கள் அதே மூன்றைத் தங்கள் பேச்சில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்களிலேயே வினாவை எழுதினால் பதில்கள் பிரியும்.

எனவே முன்மொழிவில் இதைச் செய்முறையாகவே எழுதுங்கள். ஒருவர் தமிழில் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு போவார், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவீர்கள். பிறகு நாலைந்து கடைகளில் சோதிப்பீர்கள். பேட்டியைப் பேசியபடியே தமிழில் எழுதி எடுங்கள், கிரெடிட், ஸ்டாக், இன்வாய்ஸ் எல்லாம் கலந்தே வரட்டும். பகுப்பாய்வையும் தமிழிலேயே செய்யுங்கள். ஆய்வேட்டில் மேற்கோளாகக் காட்டும் பகுதியை மட்டும் ஆங்கிலமாக்கினால் போதும். இங்கேயே பிறந்து வளர்ந்த கடைக்காரர் சிலருக்கு ஆங்கிலம்தான் வசதி, அவர்களுக்கு ஆங்கில வடிவமும் கையில் இருக்க வேண்டும்.

நெறிமுறை பற்றிச் சுருக்கமாக. ஐஆர்பி எனும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வருமுன் திரட்டிய தரவை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன உரையாடல்கள்கூடக் கேள்வியைச் சீராக்கத்தான், தரவாக அல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ஐப் படியுங்கள். வாடிக்கையாளர் பட்டியலை நிறுவனம் உங்களிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ ஒழிய நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் பகுதியில் "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று வரிசையாக அடுக்க வேண்டாம். யார் யாரோடு எங்கே முரண்படுகிறார்கள் என்று எழுதுங்கள். சாட்ஜிபிடி போன்றவை இல்லாத கட்டுரைகளுக்கும் ஆசிரியர், ஆண்டு, இதழ் என்று அச்சு அசலாகக் கொடுத்துவிடும். நீங்களே திறந்து படிக்காத எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். ஒரே மின்னஞ்சலைப் பத்துப் பேராசிரியர்களுக்கு அனுப்புவதும் வேண்டாம். அவர் கடைசியாக எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்கள் கேள்வி அவர் வேலையோடு எங்கே ஒட்டுகிறது என்று நாலு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

அப்புறம் கால அட்டவணை. மூன்றாம் காலாண்டு தரவு, நான்காம் காலாண்டு பகுப்பாய்வு என்று எல்லாரும் அழகாகக் கட்டம் போடுகிறார்கள். கட்டத்துக்குள் ஊரின் நாள்காட்டி இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஐந்தாறு வாரம் லிட்டில் இந்தியாவில் எந்தக் கடைக்காரரும் உட்கார்ந்து பேசமாட்டார், கேட்பதே தப்பு. பொங்கலுக்கும் அப்படித்தான். டிசம்பரில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களின் நிதிப் பிரிவினரை ஆண்டின் முதல் மூன்று மாதம் பிடிக்க முடியாது. ஐஆர்பி குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும் என்றும் கணக்கில் வையுங்கள். உங்கள் அலுவலகத்தில் வேலை அதிகமாகும் மாதங்களும் உங்களுக்குத்தான் தெரியும், அவற்றையும் குறியுங்கள்.

அந்தத் தம்பியின் முன்மொழிவு இப்போது 9 பக்கம். பேட்டிகள் பொங்கல் கழிந்து பிப்ரவரியில் தொடங்குவதாகப் போட்டிருக்கிறார். 18 கடைகளின் பட்டியல் தயார். மாமா கடை அதில் இல்லை.