ஐடி பிளாக் ஆன அன்று ஆப்பை அழிக்காதீர்கள்

போன வாரம் அசோக் நகரில் ஒரு கிளவுட் கிச்சன் (டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் இடம்) வாசலில், டெலிவரி எடுக்க மற்ற பையன்களோடு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன் போனையே வெறித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஐடி பிளாக் ஆயிடுச்சு. ஆப்பை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன், உள்ளேயே விட மாட்டேங்குது" என்றான். டெலிவரி ஆப்பில் நம்மை உள்ளே விடும் அடையாளம்தான் ஐடி; அது முடங்கினால் வேலையே போச்சு. எனக்கு வயிறு எரிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். ஹெல்மெட் போடு, சிக்னலை மதி என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். டெலிவரி வேலையில் நாம் செய்யும் இந்த மாதிரித் தவறுகளை யாரும் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேலைக் கணக்கைக் கம்பெனியிடமே விட்டுவைப்பது

வேளச்சேரியில் ஒரு மழை இரவு. கஸ்டமர் போனை எடுக்கவில்லை. சப்போர்ட் சாட்டில் கேட்டேன். கொடுத்ததாக ஆப்பில் குறித்து ஆர்டரை முடித்துவிடுங்கள் என்றார்கள், முடித்தேன். இரண்டாம் நாள் 'மோசடி நடவடிக்கை' என்று ஒரு வரி வந்தது, ஐடி போனது. என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய அந்த சாட், ஓட்டிய கிலோமீட்டர், வர வேண்டிய இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) எல்லாமே பூட்டிய ஆப்புக்குள் இருந்தன. கோபத்தில் அதையும் அழித்தேன். ஹப்புக்கு, அதாவது கம்பெனியின் ஏரியா அலுவலகத்துக்குப் போனால் டீம் லீடர், "சிஸ்டம் எடுத்த முடிவுப்பா, காரணம் எனக்கே காட்டாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது: வேலையை விட்டு எடுத்தவர் யாரென்று கேட்டால் கைகாட்ட ஓர் ஆள்கூட இல்லை.

அதனால் தினமும் லாக்அவுட் செய்யும் முன் அன்றைய ஆர்டர்கள், பேஅவுட் விவரம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வண்டியின் கிலோமீட்டர் மீட்டரைக் காலையிலும் இரவிலும் போட்டோ எடுங்கள். ஒரு ஆர்டருக்கு எவ்வளவு என்று சொல்லும் ரேட் கார்டு மாறினால், 'சம்மதம்' அழுத்தும் முன் பழையது, புதியது இரண்டும் வேண்டும். சப்போர்ட் சாட்டை மூடும் முன் முழுதாக எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

பிளாக் ஆகிவிட்டதா? அந்தச் செய்தியை நேரத்தோடு எடுத்துவைத்துவிட்டு மெயில் போடுங்கள். எந்த ஆர்டர், எந்த விதி, பார்த்து முடிவெடுத்த மனிதர் யார் என்று மூன்றே கேள்வி. மச்சான் பெயரில் புது ஐடி எடுக்காதீர்கள். இல்லாத மோசடியை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

அந்த மூன்றாவது கேள்விக்கு வலு உண்டு. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊபர் சில டிரைவர்களை நீக்கியதில் மனிதர்களின் பங்கு வெறும் பெயரளவுக்குத்தான் என்று கண்டு டிரைவர்கள் பக்கம் நின்றது. ஆப் வழி வேலை செய்பவர்களுக்கான கர்நாடகாவின் 2025 சட்டப்படி, எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தராமல் பொதுவாக யாரையும் நீக்க முடியாது. ஓசூரைத் தாண்டினால் இருக்கும் உரிமை அது.

அந்தப் பையனிடம் பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வைத்து வாரவாரியாகக் கணக்கெழுதி மெயில் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ஐடியை வாடகைக்கு விடுவது

விடாதீர்கள்.

விபத்து நடந்தால் ஆப்பில் புகார் டிக்கெட் போட்டதோடு நிறுத்துவது

அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு உதவும். அங்கே ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) இரண்டையும் வாங்குங்கள். ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த திரையையும் உடனே எடுத்துவையுங்கள், நடக்க முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியாவது. "நீங்கள் அப்போது ஆர்டரில் இல்லை" என்று இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி இரண்டு ஆர்டருக்காக நள்ளிரவு வரை நிற்பது

இன்சென்டிவுக்கான ஆர்டர் இலக்கை நகர்த்துவது அவர்கள் கையில். உடம்பு உங்களுடையது.

சட்டம் வந்துவிட்டது, இனி நாமும் ஊழியர்கள் என்று நம்புவது

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், நம்மைப் போல ஆப் வழி வேலை செய்பவர்களுக்குக் கிக் தொழிலாளர் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் முதலாளி–ஊழியர் உறவுக்கு வெளியே இருப்பவர் என்றுதான் அது நம்மை வரையறுக்கிறது. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். நமக்குத் தரும் தொகையில் 5 சதவீதம் அதற்கு உச்சவரம்பு. அந்த நிதியில் உங்கள் பெயர் வர வேண்டுமானால் பதிவு வேண்டும். மத்திய அரசின் தொழிலாளர் பதிவுத் தளமான இ-ஷ்ரமில் பதிவு இலவசம், பிரவுசிங் சென்டரில் கேட்கும் முந்நூறு ரூபாயைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு கிக் தொழிலாளர் நல வாரியப் பதிவு வேறு, அதையும் தனியாகச் செய்ய வேண்டும்.