கேம்பர் வேனுக்குச் சிறிய ரிம்மில் குளிர்கால டயர்

கேம்பர் வேனுக்கு (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன்) குளிர்கால டயர் வாங்கும்போது, வண்டியின் ஆவணம் அனுமதிக்கும் அளவுகளில் மிகச் சிறிய ரிம்மைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் 235/55 ஆர்17 (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55%, ரிம் 17 அங்குலம்) ஓட்டுபவர், அனுமதி இருந்தால், பனிக்காலத்தில் 215/65 ஆர்16 சி போடலாம்; ‘சி’ என்பது பாரம் ஏற்றும் வேன்களுக்கான டயர். மொத்த விட்டம் முறையே சுமார் 690, 686 மி.மீ. என்பதால் வேகமானி காட்டுவதில் பெரிய வித்தியாசம் வராது.

அகலம் குறைந்த டயர் இளகிய பனியைப் பிளந்துகொண்டு தரையைப் பிடிக்கும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால், பனி மூடிய குழியில் சக்கரம் இறங்கினாலும் ரிம் அடிபடுவது குறையும். பெரும்பாலும் விலையும் குறைவு, பனியில் வழுக்காமல் இருக்க டயர்மேல் சங்கிலி மாட்டவும் இடம் கிடைக்கும்.

டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண்ணில் மட்டும் சமரசமே வேண்டாம். 109 என்றால் ஒரு டயருக்கு 1,030 கிலோ, ஓர் அச்சில் இரண்டுக்கும் சேர்த்து 2,060. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சிலிண்டரும் சாமான்களும் ஏற்றிய பிறகு பின் அச்சை எடை போட்டுப் பாருங்கள். கேம்பர் வேனில் பாரம் பெரும்பாலும் அங்கேதான் கூடும்.

பெரிய பிரேக் பொருத்திய வண்டிகளில் சிறிய ரிம் உள்ளே நுழையாது. பனியே விழாத, காய்ந்த சாலைகளில் மட்டும் ஓட்டுபவருக்கு அகலத்தைக் குறைப்பதால் பிடிப்பில் ஆதாயம் இல்லை.