பாட்டுக்கு எந்த பென் டிரைவ் வாங்கலாம்?

பாட்டு மட்டும்தான் என்றால் 32 ஜிபி பென் டிரைவே தாராளம். 320 கேபிபிஎஸ் (நல்ல ஒலித்தரம்) எம்பி3-யில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்பி. கணக்குப் போட்டால் 2,000 பாட்டுக்கு மேல் கொள்ளும். 32 ஜிபி வரை பெரும்பாலும் ஃபேட்32 (டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறை) முறையில் வரும் என்பது இன்னொரு வசதி. 64 ஜிபியும் அதற்கு மேலும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறையில் வரும். பழைய கார் ஸ்டீரியோக்கள் பல அதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

வேகத்துக்காகக் கூடுதல் காசு வேண்டாம். பாட்டு ஓட யுஎஸ்பி 2.0 போதும்.

உஷாராக இருக்க வேண்டியது போலிகளிடம்தான். அடிமாட்டு விலைக்கு 1 டிபி என்று விற்பார்கள். கம்ப்யூட்டரும் 1 டிபி என்றே காட்டும், காப்பியும் ஆகும். உள்ளே இருப்பது சில ஜிபிதான் என்பதால் பாதிப் பாட்டு திறக்காது. வாங்கியதும், திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். அதற்கான மென்பொருள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw); மேக், லினக்ஸில் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

அப்புறம், எவ்வளவு நல்ல டிரைவ் ஆனாலும் பாட்டுகளின் ஒரு பிரதி கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்.