பாயிங்க் ஓடும்போது ஸ்க்ரீன் சேவர் வந்து கணினி உறைந்துபோகிறதா?

நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுக்க உதவும் மென்பொருள் பாயிங்க் (BOINC). ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரோசெட்டா அட் ஹோம் போன்ற திட்டங்கள் இதன் வழியாகத்தான் வேலை அனுப்புகின்றன. புதிதாகச் சேர்பவர்களில் சிலருக்கு ஒரு தொல்லை வரும். எழுந்து போய்விட்டுத் திரும்பினால் பாயிங்க்கின் ஸ்க்ரீன் சேவர் பாதியில் நின்றிருக்கும், மவுஸ் அசையாது.

உடனே பாயிங்க்கை நீக்கிவிடாதீர்கள். கணக்குப் போடுவது ஒரு நிரல், படம் காட்டுவது வேறொரு நிரல். படம் காட்டும் நிரல் ஓபன்ஜிஎல் என்ற வரைகலை முறையின் மூலம் வரைகிறது. கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள், பழையதாக இருந்தாலோ, அதே கிராபிக்ஸ் கார்டு கணக்கும் போட்டுக்கொண்டிருந்தாலோ சிக்கல் வரலாம். ஸ்க்ரீன் சேவரை நிறுத்துவதால் ஆராய்ச்சி வேலை கொஞ்சமும் குறையாது. கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: உண்மையிலேயே உறைந்ததா?
கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். பாயிங்க் வேலைகள் அவ்வப்போது தங்கள் நிலையைச் சேமித்துக்கொள்ளும். பெரும்பாலும் கடைசியாகச் செய்த கொஞ்சம்தான் வீணாகும்.

படி 2: ஸ்க்ரீன் சேவரை நிறுத்துங்கள்
ஸ்டார்ட் மெனுவில் ஸ்க்ரீன் சேவர் என்று தேடி அதன் அமைப்பைத் திறங்கள். பட்டியலில் பாயிங்க் தேர்வாகியிருக்கும். அதை 'நன்' என்று மாற்றி ஓகே கொடுங்கள். அப்புறம் பவர் அமைப்பில் திரை 10 நிமிடத்தில் அணையும்படி வையுங்கள். ஸ்லீப் மட்டும் 'நெவர்' என்றே இருக்கட்டும். கணினி தூங்கினால் கணக்கும் நின்றுவிடும். ஸ்க்ரீன் சேவர் இல்லாவிட்டால் திரை கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அது பழைய குண்டு மானிட்டர் காலத்துக் கவலை.

படி 3: ஓர் இரவு விட்டுப் பாருங்கள்
காலையில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தால் ஸ்க்ரீன் சேவர்தான் காரணம். பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். கூடுதல் சான்று வேண்டுமென்றால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது என்று பொருள்.

படி 4: படம் வேண்டும் என்பவர்களுக்கு
ஐன்ஸ்டைன் அட் ஹோமின் சுழலும் வானக்கோளம் அழகுதான், ஆசைப்படுவதில் தப்பில்லை. கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதிய டிரைவரை நிறுவுங்கள். பிறகு பாயிங்க் மேனேஜரில் அட்வான்ஸ்டு வியூவுக்குப் போய், டாஸ்க்ஸ் பகுதியில் ஓடும் வேலை ஒன்றைத் தேர்ந்து 'ஷோ கிராபிக்ஸ்' அழுத்துங்கள். அங்கேயே உறைந்தால் ஆக்டிவிட்டி மெனுவில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) வேலையை நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். இப்போது ஓடினால், கார்டால் இரண்டு வேலையையும் சேர்த்துச் சமாளிக்க முடியவில்லை. ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

படி 5: ஸ்க்ரீன் சேவர் இல்லாமலும் உறைந்தால்
முதல் சந்தேகம் சூடு. பாயிங்க் மேனேஜரின் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்ஸஸ் பகுதியில் பயன்படுத்தும் சிபியுக்களின் அளவை 50 சதவீதமாகக் குறையுங்கள். விசிறியில் படிந்த தூசியையும் தட்டிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டி ரேமைச் சோதியுங்கள்.